நகம் மிஸ்ஸின் ‘தெரியாது’

என்னுடைய ஓட்டோவில் ஏறிய முதல் நாளே, எனக்குத் தெரியாத ஒன்றை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

மன்னார் பஸ் நிலையத்தடியில் வந்து ஏறினார். மடியில் ஒரு நீலப் பை. பருத்திச் சேலை, அதற்குக் கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற வெள்ளைச் சப்பாத்து. “தாழ்வுபாட்டுக்கு எவ்வளவு தூரம் தம்பி?” என்று கேட்டார்.

“இந்தா, கிட்டத்தான் மிஸ்.”

“கிட்ட எண்டால்?”

“கிட்ட எண்டால் கிட்டத்தான்.”

“அப்ப உங்களுக்குத் தெரியாது.”

எனக்குச் சுருக்கென்றது. நான் தாழ்வுபாட்டில் பிறந்தவன். அந்த றோட்டில் எந்த இடத்தில் கழுதை படுத்திருக்கும், எந்த வளவில் கருவாடு காயும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். அவரோ எட்டிப் பார்த்து மீற்றரில் இருந்த இலக்கத்தைக் கொப்பியில் எழுதினார். கோயிலடியில் இறங்கும்போது மறுபடியும் பார்த்து எழுதி, கழித்து, என்னுடைய ஊருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று எனக்கே சொல்லித் தந்தார். “இனி ஆரும் கேட்டால் சொல்லலாம்தானே,” என்றார். அதில் நக்கல் இல்லை. நக்கலாகச் சொல்லியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் விரும்பமாட்டார். ஊர் வைத்த பெயர் போதும்: நகம் மிஸ்.

பெரியமடுப் பக்கத்து வயல்காரக் குடும்பம். மருத்துவிச்சியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண்களின் கால் நகங்களைச் சேர்த்துத் தரும்படி பல்கலைக்கழக ஆட்கள் அவரைப் பிடித்திருந்தார்கள். எங்கள் உடம்பில் செலினியம், சிங்க், செப்பு என்று சில சத்துகள் கடுகளவிலும் குறைவாக இருக்கின்றனவாம். அவை கூடினாலோ குறைந்தாலோ மார்பிலே புற்றுநோய் வருகிற வாய்ப்பும் மாறுமா என்று பார்க்கிற வேலை. நகம் மெல்ல மெல்ல வளர்வதால், நாங்கள் பல மாதங்களாகச் சாப்பிட்டதும் குடித்ததும் அதிலே பதிந்திருக்குமாம். மிஸ் இதை எனக்கு விளங்கப்படுத்திய அன்று நான் கேட்டேன்.

“அப்ப மாறுமோ மிஸ்?”

“தெரியாது.”

“ஒரு குத்துமதிப்பா?”

“குத்துமதிப்பாயும் தெரியாது. தெரிஞ்சிருந்தால் நான் ஏன் தம்பி இந்த வெயிலுக்கை நகம் பொறுக்கித் திரியிறன்?”

படித்த மனிசர் ஒருவர் இப்படி வாய் கூசாமல் ‘தெரியாது’ என்று சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. எங்கள் ஊரில் ‘தெரியாது’ என்ற சொல்லை ஆமிக்காரன் மறித்துக் கேட்டால்தான் சொல்லுவோம். மற்றப்படி எல்லாருக்கும் எல்லாம் தெரியும். எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

மூன்று மாதத்துக்கு என்னையே வாடகைக்குப் பேசிக்கொண்டார். நீலப் பைக்குள் மண்ணிறக் கடித உறைகள், நகவெட்டி, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு பழைய தகர பிஸ்கட் ரின். ஒவ்வொரு உறையிலும் ஒரு நம்பர். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டு வெட்டவேண்டும், பூச்சிலும் உலோகம் இருக்கக்கூடும் என்பார். வெட்டிய நகத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டுத்தான் உறையை ஒட்டுவார்.

ஆனால் நகம் கேட்டவுடனே ஊர் தூக்கிக் கொடுக்குமா? தலைமயிரும் நகமும் வெளியாள் கைக்குப் போனால் செய்வினை செய்துவிடுவார்கள் என்று பயம். ஞாயிறு பூசைக்குப் போய்ச் சங்கீதம் பாடுகிறவர்களுக்கும் இந்தப் பயம் இருந்தது. தாழ்வுபாட்டில் முதல் நாள் கோயில் மதிலடியில் பத்துப் பதினைந்து பெண்கள் கூடினார்கள். அவர்களுக்குள் வாய் கூடின ஒரு அக்கா ஒரு வழி கண்டுபிடித்தா.

“மிஸ், எல்லாற்றை நகத்தையும் ஒரே பையிலை போடுங்கோ. அப்ப ஆருடைய நகம் எண்டு செய்வினைக்காரனுக்குத் தெரியாது.”

“எனக்கும் தெரியாமல் போயிடுமே அக்கா.”

“சரி, நகத்தைக் கொண்டுபோய் என்ன செய்வினம்?”

“கழுவி, நிறுத்து, அமிலத்திலை போட்டுக் கரைப்பினம்.”

“மிச்சம் ஏதும் மிஞ்சுமோ?”

“ஒரு துளியும் மிஞ்சாது.”

பெண்கள் கூடிக் கதைத்தார்கள். கரைந்துபோன நகத்தில் செய்வினை பிடிக்காது என்று தீர்ப்பாயிற்று. “அது சரிதானே மிஸ்?” என்று அந்த அக்கா மறுபடியும் உறுதி கேட்டா. ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். மிஸ்ஸோ, “செய்வினையைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாதக்கா. அமிலத்தைப் பற்றித்தான் தெரியும்,” என்றார். கெட்டது காரியம் என்று நான் தலையில் கைவைத்தேன். ஆனால் அந்த அக்கா சிரித்துக்கொண்டு செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினா. அன்றைக்கு அந்த மதிலடியில் ஒன்பது உறைகள் ஒட்டப்பட்டன.

பாலம் தாண்டிப் பெருநிலப்பரப்புக்குப் போனால் வேறு தொல்லை, வேறு கரைச்சல். அங்கே சைவ வீடுகளில் செவ்வாயும் வெள்ளியும் நகம் வெட்டமாட்டார்கள். இலட்சுமி போய்விடுமாம். மிஸ் அவர்களோடு வாதாடியதே இல்லை. “சரி, புதன்கிழமை வாறன்,” என்று எழும்பிவிடுவார். அப்படியானால் வெள்ளிக்கிழமைகளைத் தீவில் எங்கள் கத்தோலிக்க ஆட்களுக்கு ஒதுக்கலாம் என்று பார்த்தால் தவக்காலம் வந்துவிட்டது. வெள்ளி பின்னேரம் பெண்களெல்லாம் சிலுவைப்பாதையில் நிற்பார்கள். கடைசியில் மிஸ் ஒரு மட்டையில் கோடு கீறி, எந்தச் சமயத்துக்கு எந்தக் கிழமை என்று எழுதி என்னுடைய ஓட்டோவின் முன் கண்ணாடிக்குக் கீழே செருகிவிட்டார். அதைப் பார்த்த பொலிஸ்காரர் ஒருவர், நான் தேர்தல் வேலை செய்கிறேனோ என்று விசாரித்தார்.

தோட்டவெளிக் கிராமத்தில் ஒரு பொது மண்டபத்தில் கூட்டம். ஒரு பெண் எழும்பி, செலினியம் எதிலே இருக்கிறது என்று கேட்டா. மீனிலே இருக்கிறது என்றார் மிஸ். “அப்ப மீன் தின்னுற எங்களுக்குக் கான்சர் வராதுதானே?” “தெரியாது.” “கருவாடு திண்டால் வருமோ?” “தெரியாது.” “கிணத்துத் தண்ணி உப்பு. அதாலை வருமோ?” “அதுவும் தெரியாது.” பின்னுக்கு இருந்த ஒருவர் பொறுமை இழந்து, “ஒண்டும் தெரியாட்டி என்னத்துக்கு வந்தனீங்கள்?” என்று சத்தம் வைத்தார். மண்டபம் சிரித்தது. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

மிஸ் சிரிப்பு அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். “சொல்ல வரேல்லை ஐயா. கேக்க வந்தனான். ஆனால் எனக்கு ஒண்டு தெரியும். நெஞ்சிலை ஒரு கட்டி தட்டுப்பட்டால், நோகுதோ நோகேல்லையோ, உடனை கிளினிக்கிலை காட்டோணும். கட்டி எல்லாம் கான்சர் இல்லை. எது எது எண்டு கையாலை தடவிப் பாத்துச் சொல்ல எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதாலைதான் காட்டச் சொல்லுறன்.”

போகிற இடமெல்லாம் இந்த ஒன்றை மட்டும் சொல்லுவார். கேட்டுக் கேட்டு எனக்குப் பாடமாகிவிட்டது. பாடமானதைச் சொல்லித் திரிந்திருந்தால் நல்லது. நான் சொல்லித் திரிந்தது வேறு. தேத்தண்ணிக் கடையிலும் ஓட்டோத் தரிப்பிடத்திலும் என்னை ஒரு அரை டொக்டர் மாதிரி விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். “நகத்தை வைச்சு என்னடா பாக்கிறது?” என்று கேட்டால், “கால் நகத்திலை ஒரு துண்டு காணும். கான்சர் இருக்கோ இல்லையோ, எவ்வளவு காலமா இருக்கு, எல்லாத்தையும் கண்டுபிடிச்சிடுவினம்,” என்று விளாசுவேன். ஒருநாள் ஒரு பயணியிடம் இதைச் சொல்லும்போது மிஸ்ஸும் பின்னால் இருந்தார். அந்த ஆள் இறங்கியபிறகு சொன்னார்.

“தம்பி, அப்பிடிச் சொல்லாதேங்கோ. நகத்திலை கான்சர் தெரியாது.”

“சும்மா ஒரு கதைக்குச் சொன்னனான் மிஸ்.”

“கதைக்குச் சொன்னதை ஆராவது நம்பினால்?”

நம்பினால் நல்லதுதானே, நகம் கொடுக்க வருவார்கள் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். என்னுடைய அந்தக் கதையை முழுசாக நம்பிய ஒரு ஆள் என் வீட்டிலேயே இருந்தது எனக்குத் தெரியாது.

என்னுடைய மனுசிக்குப் பெயர் ஸ்ரெல்லா. ஊர்ப் பெண்களெல்லாம் நகம் கொடுத்தபிறகும் அவள் மட்டும் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தாள். “ஓட்டோக்காரன்ர பெண்சாதியே குடுக்கேல்லையாம் எண்டு சனம் கதைக்குது. என்ர மானத்தை வாங்காதை,” என்று நான் ஏசினேன். மூன்றாம் மாதம், கடைசிக் கிழமை, “சரி, வரச்சொல்லுங்கோ,” என்றாள்.

மிஸ் வந்து கதிரையில் இருந்தார். ஸ்ரெல்லா கையோடு ஒரு கடதாசி மடிப்பைக் கொண்டுவந்து நீட்டினாள். “உங்களுக்கு ஏன் கரைச்சல் எண்டு நானே வெட்டி வைச்சிட்டன் மிஸ்.”

மிஸ் மடிப்பைப் பிரித்துப் பூதக்கண்ணாடியை எடுத்தார். கனநேரம் பார்த்தார். பிறகு ஸ்ரெல்லாவின் காலைப் பார்த்தார். கோயில் திருநாளுக்குப் பூசிய சிவப்புப் பூச்சு, விரல் நுனிகளில் இன்னும் அப்படியே கிடந்தது. வெட்டிய அடையாளமே இல்லை. பிறகு என்னுடைய காலைப் பார்த்தார். முதல்நாள்தான் வளவுக்குள் குந்தியிருந்து பத்து விரலும் ஒட்ட வெட்டியிருந்தேன். கடதாசியில் கிடந்த நகங்களின் ஓரத்தில் ஓட்டோ கிறீஸ் கறுப்பாகத் தெரிந்தது.

எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும், “ஐயோ மிஸ், சத்தியமா நான் குடுக்கேல்லை!” என்று கத்தினேன். களவெடுத்தவள் பேசாமல் நின்றாள், பறிகொடுத்த நான்தான் சத்தியம் பண்ணினேன்.

மிஸ் சிரிக்கவில்லை. ஸ்ரெல்லாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, நீங்கள் கொஞ்சம் வெளியிலை நில்லுங்கோ,” என்றார்.

“ஏன் மிஸ்?”

“காரணம் இப்ப சொல்லமாட்டன்.”

வேறு யாராவது என்றால், ஓட்டோவுக்கு முன்சில்லு காற்றுப் போயிருக்கு, பார்த்துவிட்டு வா என்று ஒரு சாட்டுச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவருக்கு அதுகூட வராது. நான் படலைக்கு வெளியே போய் நின்றேன். பக்கத்து வளவில் காய்ந்த கீரி மீனைக் காகம் கொத்திக்கொண்டிருந்தது. நான் துரத்தவில்லை. உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது.

கூப்பிட்டபோது போனேன். மிஸ் ஸ்ரெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “தங்கச்சி உங்களுக்கு ஒண்டு சொல்லோணுமாம்,” என்றார். ஸ்ரெல்லா சொன்னாள். இடது நெஞ்சில் ஒரு கட்டி. நாலு மாதமாக இருக்கிறது. கனடாவில் இருக்கும் அவளுடைய அக்கா அனுப்பிய சத்துமாத்திரைப் போத்தலை நான் தலைமயிர் வளர்கிற மாத்திரை என்று நினைத்திருந்தேன். செலினியமும் சிங்க்கும் சேர்ந்த அதைக் கட்டி கரையட்டும் என்று ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று என்று குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள்தானே சொன்னனீங்கள், நகத்தைப் பாத்தால் எல்லாம் தெரிஞ்சிடும் எண்டு. எனக்குத் தெரியவேண்டாம் எண்டு இருந்துது. கோயிலிலை சின்னவளின்ர முதல் நன்மைப் பூசையாவது முடியட்டும் எண்டு இருந்துது.”

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்று மற்றவர்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். என்னுடைய வீட்டுக்குள் அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி சமைத்திருக்கிறாள், பிள்ளைக்குத் தலை பின்னியிருக்கிறாள், என்னிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறாள். நான் விட்ட புளுகு அவள் வாயை இன்னும் இறுக்கிப் பூட்டியிருக்கிறது.

நான் மிஸ்ஸிடம் திரும்பினேன். “ஒண்டுமில்லைத்தானே மிஸ்? பயப்பிட ஒண்டுமில்லைத்தானே?”

“தெரியாது தம்பி.”

அன்றைக்கு என்ன பேய் பிடித்ததோ தெரியாது. “மூண்டு மாதமா இந்த ஒரு சொல்லைத்தான் கேக்கிறன்! ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லத் தெரியாதோ உங்களுக்கு? மனுசியோ கல்லோ?” என்று கத்தினேன். அயல் எட்டிப் பார்த்தது. மிஸ் வாங்கிக்கொண்டார். மாத்திரைப் போத்தலை வாங்கிப் பார்த்தார். “இது நல்லதோ கெட்டதோ எண்டு எனக்குத் தெரியாது. டொக்டரைக் கேக்காமல் மூண்டு மூண்டா விழுங்கிறது பிழை எண்டு தெரியும். நிப்பாட்டிப்போட்டு நாளைக்கு இதையும் கொண்டுவாங்கோ,” என்றார். பிறகு எழும்பி, “கிளினிக் எட்டு மணிக்கு. நான் அங்கை நிப்பன். அதுவும் தெரியும்,” என்றார்.

“பஸ்ஸிலை போங்கோ,” என்றேன் நான். என் தாயைவிட நாலைந்து வயதுதான் குறைந்த ஒரு பெண்ணை, உச்சி வெயிலில், தோளில் பையோடு சந்திவரை நடக்க விட்டேன். அந்த வெள்ளைச் சப்பாத்து மணலில் புதைந்து புதைந்து போனது.

அடுத்தநாள் காலை நாங்கள் ஏழரைக்குப் போனோம். மிஸ் ஏழே காலுக்கே வந்து வாசலில் கிடந்த நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். பெரியமடுவிலிருந்து அந்த நேரத்துக்கு வருவதென்றால் எத்தனை மணிக்கு எழும்பியிருக்கவேண்டும் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. நேற்றைய கதையை அவரும் எடுக்கவில்லை. ஸ்ரெல்லாவுக்கு இடம் விட்டுத் தள்ளியிருந்தார்.

கட்டி கான்சர்தான். யாழ்ப்பாணத்துக்குப் போனோம். சத்திரசிகிச்சை செய்தார்கள், பிறகு மருந்து ஏற்றினார்கள். தலைமயிர் கொட்டியது. நகமெல்லாம் கறுத்தது. இன்னும் கனகாலம் விட்டிருந்தால் கஷ்டப்பட்டிருப்பீர்கள், நல்லவேளை வந்துவிட்டீர்கள் என்று டொக்டர் சொன்னார். அந்த நல்லவேளைக்கு வெள்ளைச் சப்பாத்து என்று பெயர் என்று அவருக்குத் தெரியாது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் மிஸ்ஸைப் பற்றி எழுதியதே வீண். ஸ்ரெல்லா மருந்து ஏற்றிவிட்டு வீட்டில் சுருண்டு கிடந்த நாட்களில் அயல் முழுக்கப் பார்க்க வந்தது. வந்தவர்கள் சும்மா வரவில்லை, ஆளுக்கொரு காரணம் கொண்டுவந்தார்கள். கண்ட மாத்திரையையும் திண்டதால் வந்தது என்றா ஒருத்தி. சின்னவளுக்குப் பால் கொடுத்தது காணாது என்றா இன்னொருத்தி. என்னைப் பெற்ற தாயே, “நேத்திக்கடன் வைச்சு நிறைவேத்தாமல் விட்டவள்,” என்று சுவரைப் பார்த்துச் சொன்னா. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஸ்ரெல்லா ஒவ்வொன்றையும் கேட்டுத் தலையாட்டிக்கொண்டு கிடந்தாள். ஒருநாள் மிஸ் வந்திருந்தபோது, “நான் என்ன பிழை விட்டன் மிஸ்? எதாலை எனக்கு இது வந்தது? நீங்களாவது சொல்லுங்கோ,” என்று விம்மினாள்.

“தெரியாது தங்கச்சி,” என்றார் மிஸ். பிறகு அறையில் இருந்த எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். “உங்கள் ஆருக்காவது தெரியுமோ? இந்தப் பிள்ளைக்கு இது எதாலை வந்தது எண்டு நிச்சயமாத் தெரிஞ்ச ஆக்கள் ஆராவது இருந்தால் சொல்லுங்கோ. நான் எழுதிக் குடுத்துவிடுறன். பெரிய பெரிய ஆக்கள் அதைத்தான் தேடிக்கொண்டு இருக்கினம்.” கொப்பியைத் திறந்து பேனையையும் கையில் எடுத்துவிட்டார். மெய்யாகவே எழுதத்தான் எடுத்தார், அதுதான் பகிடி. என்னுடைய தாய் மெல்ல எழும்பிக் குசினிக்குள் போனா.

“பாத்தியளோ? ஒருத்தருக்கும் தெரியாது,” என்றார் மிஸ் ஸ்ரெல்லாவிடம். “தெரியாத இடத்திலை உங்களைக் குற்றவாளியா நிப்பாட்ட ஒருத்தருக்கும் உரிமை இல்லை. உங்களுக்கும் இல்லை.”

அன்றைக்குத்தான் ஸ்ரெல்லா பல நாட்களுக்குப் பிறகு ஒரு கோப்பை கஞ்சியை முழுசாகக் குடித்தாள். நான் கல் என்று ஏசிய மனுசி, நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவள் தலையில் ஏற்றிய சுமையை அந்த ஒரு சொல்லால் இறக்கிவைத்துவிட்டார். நான் அன்று மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டு பெரியமடு வரைக்கும் போய் இறக்கினேன். வழியில் மன்னிப்புக் கேட்டேன். “நீங்கள் பயந்துபோய்க் கத்தினனீங்கள். விளங்கினது,” என்றார்.

அந்தப் பயணத்தில்தான் கேட்டேன், ஏன் அவர் இப்படி என்று. ஊரில் அதற்கும் ஆளுக்கொரு கதை இருந்தது. மருத்துவிச்சியாக இருந்த காலத்தில் யாருக்கோ ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி அந்தப் பெண் செத்துப்போய்விட்டாளாம், அதற்குப் பிறகுதான் இப்படியாம். நான் சுற்றி வளைத்துக் கேட்க, மிஸ் சிரித்தார். “அப்பிடி ஒரு கதையும் இல்லைத் தம்பி. தெரியாததைத் தெரியாது எண்டு சொல்ல ஒரு காரணமும் வேணுமோ?”

ஸ்ரெல்லா தன்னுடைய களவை மறக்கவில்லை. மருந்து ஏற்றுகிற காலத்திலேயே காலை நீட்டி, “இப்ப எடுங்கோ மிஸ், இது என்ர நகம்,” என்றாள். “இப்ப எடுத்தால் மருந்தைத்தான் காட்டும். உங்களைக் காட்டாது,” என்று மிஸ் மறுத்துவிட்டார். அவளுடைய நம்பருக்கு நேரே கொப்பியில் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தார். என்னுடைய நகத்தை வைத்து ஒப்பேற்றியிருந்தால் ஒரு குருவிக்கும் தெரிந்திருக்காது. வெறும் உறையை ஸ்ரெல்லாவிடமே கொடுத்தார். அவள் அதை அலுமாரியில், ஞானஸ்நானப் பத்திரங்களோடு வைத்திருந்தாள்.

இரண்டு வருடம் போயிற்று. தலைமயிர் சுருள் சுருளாக வந்தது. கறுத்த நகம் வளர்ந்து வளர்ந்து வெட்டுப்பட்டு, கடைசியில் பத்து விரலிலும் ரோசா நிறத்தில் புது நகம் வந்து நின்றது. ஒரு சனிக்கிழமை காலை ஸ்ரெல்லா குந்தியிருந்து நகம் வெட்டி, அந்த உறையில் போட்டு ஒட்டினாள். “வெளிக்கிடுங்கோ, மிஸ் வீட்டை போவம்,” என்றாள்.

மிஸ் முற்றத்தில் நெல்லுக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். சப்பாத்தைக் காணவில்லை, வெறும் கால். உறையை வாங்கியதும் உள்ளே போய்ப் பூதக்கண்ணாடியோடு வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. உறையைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டி, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு துண்டாகப் பார்த்தார். பிறகு ஸ்ரெல்லாவின் காலைப் பார்த்தார்.

“ஓம். இது உங்கட நகம்தான்.”

“ஆராய்ச்சிக்கு எடுக்கமாட்டினம்தானே?”

“மாட்டினம். அவையள் சேக்கிற வேலையை எப்பவோ முடிச்சிட்டினம்.”

“முடிவு என்னவாம் மிஸ்?” என்று நான் கேட்டேன்.

“இன்னும் ஒரு தெளிவும் இல்லையாம்.”

“தெரியும் மிஸ்,” என்றாள் ஸ்ரெல்லா. “இது அவையளுக்கு இல்லை. உங்களுக்குத் தரோணும் எண்டு கொண்டந்தனான்.”

மிஸ் நகங்களைத் திரும்ப உறைக்குள் போட்டு, அதை மடித்துப் பிஸ்கட் ரின்னுக்குள் வைத்தார். தேத்தண்ணி போட்டுத் தந்தார். நாங்கள் வெளிக்கிடும்போது ஸ்ரெல்லா படலையடியில் நின்றுவிட்டாள். இரண்டு வருடமாக டொக்டரிடமும் கேட்காத கேள்வி ஒன்று அவளிடம் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

“மிஸ், இனி வராதுதானே?”

எனக்குக் காதைப் பொத்தவேண்டும்போல் இருந்தது. மிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். கண் நிறைந்திருந்தது. வேறொரு சொல் அவருடைய வாய்வரைக்கும் வந்ததை நான் கண்டேன். அவரைத் தெரிந்த இத்தனை காலத்தில் முதல்தரமாக, அந்த மனுசி ஒரு பொய் சொல்ல ஆசைப்பட்டார்.

“தெரியாது தங்கச்சி,” என்றார். “அடுத்த கிளினிக் எப்ப?”

“வாற செவ்வாய்.”

“நான் வருவன்.”

ஸ்ரெல்லாவை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். பாலத்தில் ஏறினதும் காற்று ஓட்டோவைப் பிடித்துத் தள்ளியது. கண்ணாடியில் பார்த்தேன். அழுகிறாள் என்று நினைத்தால், முகம் தெளிந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மனம் நொந்து போச்சோ? அவ எப்பவும் அப்பிடித்தானே,” என்றேன்.

“சும்மா இருங்கோ. அவ ‘வராது’ எண்டு சொல்லியிருந்தால் அப்பதான் நான் பயந்திருப்பன்,” என்றாள்.

செவ்வாய்க்கிழமை நாங்கள் ஏழு மணிக்கே போய்விட்டோம், இந்தமுறை மிஸ்ஸை முந்தவேண்டும் என்று. வாசல் வாங்குக்குக் கீழே மிஸ்ஸின் காலில் வெள்ளைச் சப்பாத்து இரண்டும் தெரிந்தன. பக்கத்தில் ஸ்ரெல்லாவுக்கு இடம் விட்டிருந்தது.